தமிழ் கேட்டுத் திறந்த கதவு

ஓசூர்
19.7.2008

அப்பாவுக்கு மேகலா எழுதுவது.

தைலம் வந்து சேர்ந்ததா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். "அவரு ஒன்னும் சொல்லலை, பாட்டிலு மட்டும் பாதி காலியாயிருக்குது" என்றார். அப்படியானால் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குப் போனில் காது கேட்டிருந்தால் இந்த விஷயத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். அம்மாவிடம் சொல்லியனுப்பினால் பாதியை விழுங்கிவிடுவார். அதனால் எழுதுகிறேன்.

வருகிற ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி எங்கள் கம்பெனியில், வேலை செய்கிறவர்கள் குடும்பத்து முன்னாள் ராணுவத்தாரை மேடையேற்றி மரியாதை செய்யப்போகிறார்கள். பட்டியல் போடும் வேலை ஹெச்.ஆர். பிரிவில் என் மேஜைக்குத்தான் வந்தது. ஆறு பேர் தேறினார்கள். மூன்றாவது பெயர், ஹவில்தார் கோவிந்தப்பன், நாட்றாம்பாளையம். உங்களைக் கேட்காமல்தான் எழுதினேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நீங்கள் இலங்கையிலிருந்து காயத்தோடு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பட்டாளத்தை விட்டே வீட்டுக்கு வந்தீர்கள். அஞ்செட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காதில் பஞ்சு இருந்தது. டீக்கடையில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி, "நம்ம ஜனத்தயே சுடப் போனவரு வந்துட்டாருப்பா" என்றார். உங்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நீங்கள் என்னைப் பார்த்துக் கை நீட்டினீர்கள். நான் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். மூட்டையை நீங்களே தூக்கிக்கொண்டு நடந்தீர்கள்.

இருபது வருடம் ஆகிவிட்டது. ஒருவரும் உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, நானும் சேர்த்துத்தான். நாலு பேர் முன்னால் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. வாங்கப்பா. தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு உங்கள் மாப்பிள்ளை பைக்கோடு வந்து நிற்பார்.

மகள் மேகலா


நாட்றாம்பாளையம்
25.7.2008

மேகலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் சுகம். தைலம் நன்றாக இருக்கிறது. மாப்பிள்ளை ஹரீஷ்குமார் நைட் ஷிப்ட் போகிறார் என்று கேள்விப்பட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

விழா விஷயம். என் பெயரை எடுத்துவிடு. ராகியில் களை மண்டிக் கிடக்கிறது. எனக்குக் கூட்டத்தில் பேச்சு புரியாது. வாயைப் பார்த்துத்தான் ஆள் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்கிறேன். மேடையில் பத்து வாய் இருந்தால் எந்த வாயைப் பார்ப்பது?

நீ ஒளிந்துகொண்டது எனக்கு ஞாபகம் இல்லை. குழந்தை செய்தது. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. டீக்கடையில் அந்த ஆள் சொன்னதும் எனக்குத் தெரியும். காதில் விழவில்லை, வாயைப் பார்த்தேன்.

மேலே காரணம் கேட்காதே.

அப்பா


ஓசூர்
1.8.2008

அப்பாவுக்கு,

காரணம் கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடமாக இந்த வீட்டில் நாங்கள் கேட்காமல் இருப்பது ஒன்றைத்தான் நன்றாகப் பழகியிருக்கிறோம்.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து நீங்கள் சுவரில் மாட்டிய போட்டோ. வருடத்துக்கு ஒரு மாதம் போட்டோ இறங்கி வந்து சாப்பிடும். அதன்பிறகு நிரந்தரமாக வந்தீர்கள், அப்போதும் போட்டோ மாதிரிதான் இருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் "உங்கப்பா அங்க போயி என்ன பண்ணாரு?" என்று கேட்பார்கள். என்ன சொல்வேன்? எனக்கே தெரியாது. என் கல்யாணத்தில் மற்ற அப்பாக்கள் எல்லாரும் மணவறைக்குப் பக்கத்தில் நின்றார்கள். நீங்கள் பந்தலுக்கு வெளியே செருப்புக்குப் பக்கத்தில் நின்றீர்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மதுரைப் பக்கத்துக்காரர்கள், எதையும் கேட்டுவிடுவார்கள். "சம்பந்திக்கு நம்மளப் பிடிக்கலையோ?" என்று என் மாமியார் கேட்டபோது, இல்லை, காது கேட்காது என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் அந்தக் காதைச் சொல்லியே என் காலம் போகிறது.

நான் வேறு எதையும் உங்களிடம் கேட்டதில்லை. நிலத்தில் பங்கு கேட்டேனா? என் பிரசவத்துக்கு நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று சண்டை போட்டேனா? என் அப்பா யார் என்று நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து சொல்ல ஆசைப்படுகிறேன். அதுகூடக் கூடாதா?

பேனரில் பெயர் அடித்தாகிவிட்டது. நீங்கள் வராவிட்டால் ஆறு நாற்காலியில் ஒன்று காலியாக இருக்கும். அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

மேகலா


(தபால் அட்டை)
நாட்றாம்பாளையம்
8.8.2008

வருகிறேன். பேசச் சொல்லக் கூடாது. உன் அம்மா பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். அப்பா.


ஓசூர்
17.8.2008

அப்பாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னார். அன்று மத்தியானம் முழுவதும் உங்களை பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் தேடிக்கொண்டிருந்தோம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அன்று நீங்கள் வெள்ளைச் சட்டையில் பதக்கம் குத்திக்கொண்டு கேட்டில் நுழைந்தபோது, செக்யூரிட்டி பொன்னுசாமி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஜி.எம். சால்வை போர்த்தினார். "அண்டை நாட்டில் அமைதி காக்கச் சென்று, தன் செவித்திறனையே தேசத்துக்குத் தந்த ஹவில்தார் கோவிந்தப்பன்" என்று வாசித்தார்கள். அந்த வரி நான் எழுதியது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

ஹவுஸ்கீப்பிங் பெண்கள் ஆளுக்கு ஒரு ரோஜா கொடுத்து "நன்றி ஐயா" என்று சொல்ல வேண்டும். அதுவும் என் யோசனைதான். உங்களுக்கு ஜெயமணி வந்தாள். என்ன ஆயிற்று உங்களுக்கு? அவள் பூவைக் கொடுத்து, "நன்றி ஐயா, நல்லா இருப்பியள்" என்றாள். நீங்கள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். பிடித்தது பிடித்தபடி, மைக்குக்கு முன்னால், உங்கள் உரத்த குரலில், "எந்த ஊரும்மா நீ? எந்த ஊரு?" என்று கேட்டீர்கள். அவள் மிரண்டுபோய், "கிளிநொச்சி ஐயா" என்றாள். "எப்ப வந்தே? இங்க எங்க இருக்கறே?" என்று மறுபடி கேட்டீர்கள். "ரெண்டு வருசம். கேம்பில இருக்கிறம்" என்றாள். எல்லாம் மைக்கில். அப்புறம் சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, படியிறங்கி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவளை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டர், நாகர்கோவில் பக்கத்துப் பெண் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். நாங்களும் நம்பினோம். இந்த ஓசூரில் கன்னடம், தெலுங்கு, மதுரைப் பேச்சு, திருநெல்வேலிப் பேச்சு எல்லாம் ஒரே லைனில் நிற்கிறது. யார் எந்த ஊர் என்று யார் கவனிக்கிறார்கள்? அகதி முகாமில் இருப்பவள் என்று தெரிந்ததும் மறுநாள் காலை அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பின்னால் போலீஸ் விசாரணை என்று ஏதாவது வந்தால் யார் பதில் சொல்வது என்கிறார்கள். அவள் கேட்டுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டு, "நான் என்னக்கா பிழை விட்டனான்?" என்று அழுதாள்.

அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை காரணம் கேட்கிறேன்.

மேகலா


நாட்றாம்பாளையம்
24.8.2008

மேகலாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன். உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். மற்றவர்கள் பஞ்சாப், பீகார், கர்வால் பக்கத்துப் பையன்கள். 1987 அக்டோபர். சண்டை தொடங்கிப் பத்து நாளைக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு தெருவில் சனங்கள் இருக்கிறார்களா என்று பார்த்து, இருந்தால் பக்கத்துக் கோயிலுக்கு அனுப்பிவிட வேண்டும். சண்டை அந்தத் தெருப்பக்கம் வரப்போகிறது, வீட்டில் இருந்தால் ஆபத்து. அதனால் கதவைத் தட்டும் வேலை எனக்கு. மற்றவர்கள் தட்டினால் திறக்க மாட்டார்கள். நான் தமிழில் கூப்பிட்டால் திறப்பார்கள்.

பனை ஓலை வேலி போட்ட ஒரு வீடு. வாத்தியார் ஒருவர், அவர் சம்சாரம், மகள், மகளுடைய கைக்குழந்தை. வெகுநேரம் கூப்பிட்டேன். "அம்மா, நானும் தமிழன்தாங்க, தருமபுரிப் பக்கம், பயப்படாம திறங்க" என்றேன். அந்த அம்மா கதவுச் சந்தில் என் முகத்தைப் பார்த்து, "தம்பி தமிழோ?" என்று கேட்டார். கதவைத் திறந்து முதலில் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். சண்டை நடக்கிற ஊரில், துப்பாக்கியோடு நிற்கிறவனுக்கு.

வாத்தியாருக்குப் போக இஷ்டமில்லை. "வீட்டுக்குள்ளயே இருந்தால் என்ன? பங்கர் வெட்டி வச்சிருக்கிறம்" என்றார். பின்கட்டில் பள்ளம் தோண்டி மேலே பனங்கட்டை போட்டிருந்தார். நான்தான் விடவில்லை. ரோடு சுத்தமாக இருக்கிறது, நான் இப்போதுதான் வந்தேன், கால் மணி நேரத்தில் கோயிலில் இருப்பீர்கள் என்றேன். நான் சொன்னது பொய் இல்லை. எனக்குச் சொல்லப்பட்டதை நான் நம்பினேன். அந்த அம்மா, "தம்பி சொல்லுது, போவம்" என்று மகளை எழுப்பினார். வேலிப் படலைத் தாண்டும்போது திரும்பி நின்று, "நன்றி தம்பி, நல்லா இருப்பியள்" என்றார்.

நூறு கஜம் போயிருப்பார்கள். ஷெல் விழுந்தது. எந்தப் பக்கத்துடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஓடினேன். இரண்டாவது விழுந்தது. அதில் போனதுதான் காது. நீங்கள் மைக்கில் வாசித்தீர்களே, தேசத்துக்குத் தந்த காது, அது இந்தக் காது. எனக்கு நினைவு தப்புவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். நாலு பேரும்தான்.

அவர்கள் வீடு நின்றிருக்கும். பங்கரில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். என்னை மொழி தெரியாத வேறொருவன் என்று நினைத்திருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு மேலதிகாரிகள் மேல் கோபம் இல்லை. எங்களோடு வந்த பையன்கள் நிறையப் பேர் அங்கேயே செத்துப்போய்விட்டார்கள். அவர்களுக்கு யாராவது நன்றி சொன்னால் நான் எழுந்து நிற்பேன். எனக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். நன்றி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அம்மாவின் வாய் அசைவது தெரிகிறது. மேடையில் அந்தப் பெண் அதே மாதிரி, அதே வார்த்தையைச் சொன்னாள். எனக்குக் காது கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதைக் கேட்டேன். அந்த வீட்டில் யாராவது தப்பித்து வந்திருப்பார்களோ என்று ஒரு நிமிடம் புத்தி கெட்டுவிட்டது. அதனால் ஊரைக் கேட்டேன்.

என்னால் இன்னொரு வீட்டுக்குக் கெடுதல் வந்திருக்கிறது. நீ என்ன செய்வாயோ தெரியாது, அந்தப் பெண்ணை மறுபடி வேலைக்குச் சேர்த்துவிடு. என் அப்பனுக்கு மூளை சரியில்லை என்று சொல். எதை வேண்டுமானாலும் சொல்.

அப்பா


ஓசூர்
6.9.2008

அப்பா,

உங்கள் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி, சிப்காட் கடைசிவரை போய்த் திரும்பி வந்தேன். அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் அன்று ஷிப்டுக்குப் போகவில்லை.

நான் உங்களுக்கு எழுதிய ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக் கடிதம் அங்கே இருந்தால் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ஜெயமணி விஷயமாக ஹெச்.ஆர். மேனேஜர் அண்ணாதுரையிடம் மூன்று தடவை போனேன். நல்ல மனிதர்தான். "மேகலா, அந்தப் பொண்ணு நம்ம சம்பள ரோல்லயே இல்ல. இல்லாத ஆள நான் எப்படித் திரும்ப எடுக்கறது?" என்கிறார். கான்ட்ராக்டரைக் கேட்டால், "கேம்ப் ஆளுன்னு எனக்கே தெரியாதுங்க மேடம், என்னய ஏமாத்திட்டா" என்கிறான். அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் மற்றவர்களைவிடக் குறைத்துக் கொடுத்து வைத்திருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அணைப் பக்கம் இருக்கிற அந்த முகாமுக்குப் போனேன். உள்ளே விட அனுமதி வேண்டும் என்றார்கள். வெளியே டீக்கடையில் காத்திருந்தேன், அவள் வந்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா, உங்களைக் கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் ஏன் கையைப் பிடித்தீர்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். உண்மையில், அவள் ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள், அதை உங்களுக்கு எழுதலாம் என்றும் நினைத்தேன்.

அவள் கேட்டுவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அப்புறம், "அந்த நேரம் எனக்கு ஆறு வயசு. எங்களுக்கும் ஆர்மிக்கார அண்ணா ஒராள் பிஸ்கட் தந்தவர். எங்கட மாமா ஒராள் அதே கிழமை செத்தவர். ரெண்டும் நடந்ததுதான்" என்றாள். பிறகு, "உங்கட அப்பாவை மன்னிக்கிறதெண்டால் அந்த வீட்டுக்காரர்தான் மன்னிக்க வேணும். நான் ஆர் அக்கா? எனக்கு வேலை வேணும், அவ்வளவுதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் குழந்தைக்கு என்று ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். என்னால் தடுக்க முடியவில்லை.

மேகலா


நாட்றாம்பாளையம்
19.9.2008

மேகலாவுக்கு,

உன்னிடம் சொல்லாமல் செவ்வாய்க்கிழமை ஓசூர் வந்திருந்தேன். உனக்குச் சங்கடம் வேண்டாம் என்று உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம் எல்லாம் கொண்டு போனேன். பொன்னுசாமி சல்யூட் அடித்து, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். மேனேஜர் அண்ணாதுரை கேட்டுக்கே இறங்கி வந்து என்னை உள்ளே கூட்டிப்போனார். அவர் பேசியது புரியவில்லை என்று சொன்னேன். உடனே சட்டைப் பையில் இருந்து தாள் எடுத்து எழுதிக் காட்டினார். அந்த அளவுக்கு மரியாதை.

நான் தமிழில் எழுதிக் கொண்டு போன மனுவைக் கொடுத்தேன். விழாவில் நடந்தது என் தவறு, அந்தப் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை, அவளுக்கு வேலை தர வேண்டும், அதற்கு நான் என்ன எழுதிக் கொடுக்க வேண்டுமோ எழுதிக் கொடுக்கிறேன் என்று. அவர் இரண்டு தடவை படித்தார். தாளில் எழுதினார். "ஐயா, உங்களைப் போன்றவர்களால்தான் நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம். நன்றி. ஆனால் இது என் கையில் இல்லை."

யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். மேலே காட்டினார். மேலே யார் என்று கேட்டேன். ஜி.எம். வெளியூர் போயிருக்கிறார் என்று எழுதினார். இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். கேன்டீனில் சாப்பாடு போட்டார்கள். அன்று நான் விட்டுவிட்டு வந்த சால்வையையும் விழாவில் எடுத்துச் சட்டம் போட்ட போட்டோவையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். போகும்போது மறுபடி நன்றி சொன்னார். கேட்டில் பொன்னுசாமி சொன்னார். டீ கொண்டு வந்த பெண் சொன்னாள். நாலு தடவை சொன்னார்கள், மேகலா. நான் கேட்டது ஒன்றுதான், அதைச் செய்ய அங்கே ஒருவராலும் முடியவில்லை.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அதனால் யாரிடமும் சண்டை போடவும் முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது என் மேலேயே எரிச்சலாக இருந்தது. பதக்கத்தைக் காட்டினால் காரியம் நடக்கும் என்று இந்த வயதிலும் நினைத்தேனே.

சால்வையை உன் அம்மா வைத்துக்கொண்டாள். குளிருக்கு ஆகும்.

அப்பா


ஓசூர்
2.2.2009

அப்பா,

அம்மா சொன்னார், நீங்கள் பொழுதுக்கும் கடை டி.வி.யில் இலங்கைச் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை என்று. சத்தம் கேட்காமல் படத்தை மட்டும் பார்ப்பது இன்னும் மோசம் இல்லையா? பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

ஜெயமணிக்கு பாகலூர் ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஏற்றுமதிக்குப் பூ வெட்டிக் கட்டுகிறாள். கையெல்லாம் முள் கீறல். கம்பெனியைவிடக் கூலி கம்மி, ஆனால் தோட்டக்காரர் எந்த ஊர் என்று கேட்கவில்லையாம்.

அவளுடைய அம்மாவும் தங்கையும் அங்கே சண்டைக்குள் மாட்டியிருக்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. காணாமற்போனவர்களைத் தேடித் தரும் அலுவலகங்களுக்கு மனு போடலாம் என்று முகாமில் யாரோ சொன்னார்களாம். நான் இங்கிலீஷில் டைப் அடித்துத் தருகிறேன் என்றேன். அவள் தயங்கித் தயங்கி, "உங்கட அப்பா எழுதித் தருவாரோ?" என்று கேட்டாள். "நீங்கள் எழுதினால் கம்பெனி லெட்டர் மாதிரி இருக்கும். அவர் அங்க இருந்த பட்டாளத்துக்காரர். தன்ர நம்பர் போட்டு எழுதினால் ஆராவது வாசிப்பினம்" என்றாள்.

பட்டாளத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பையன்களுக்கெல்லாம் நீங்கள்தான் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பீர்கள் என்று அம்மா ஒரு தடவை சொன்னது உண்மையா? உண்மையாக இருந்தாலும், உங்களால் முடியாது என்றால் நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தடவை உங்கள் பெயரை நானாக எங்கும் எழுதவில்லை.

இந்தக் கடிதத்தின் முடிவில் உங்களுக்கு ஒரு வார்த்தை எழுத வந்தேன். நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பதிலாக வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மேகலா


நாட்றாம்பாளையம்
14.6.2009

மேகலாவுக்கு,

நீ கேட்டிருந்தாய், நாலு மாதமாக ஞாயிறு தோறும் உன் வீட்டுக்கு வந்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, முகாம் டீக்கடைக்குப் போய்விடுகிறீர்களே, அங்கே என்னதான் நடக்கிறது என்று. நேரில் பேசினால் நான் கத்துகிறேன் என்று குழந்தை பயப்படுகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதல் மனு ஜெயமணியின் அம்மாவுக்கும் தங்கைக்கும். பெயர், வயது, உயரம், கடைசியாக என்ன உடுத்தியிருந்தார்கள். அவள் சொல்வது எனக்கு வாயில் புரியாவிட்டால் கையில் எழுதிக் காட்டுவாள். கடைசியில் என் நம்பர், ரேங்க் போட்டு, 1987-ல் அங்கே இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வரியை எழுத அரை மணி நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை. அடுத்த வாரம் இரண்டு வீட்டார் வந்தார்கள். அப்புறம் சரசம்மா என்று ஒரு அம்மா, மூன்று பிள்ளைகளுக்கு மூன்று மனு. மே மாதம் சண்டை முடிந்துவிட்டது என்று டி.வி.யில் காட்டிய வாரம் மட்டும் பத்தொன்பது எழுதினேன். பெஞ்சில் இடம் இல்லாமல் ரோட்டோரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். யாரும் அழவில்லை. தேதியைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதிலேயே கவனமாக இருந்தார்கள்.

இதுவரை அறுபத்திரண்டு மனு போயிருக்கிறது. நாலு மனு கிடைத்துவிட்டது என்று மட்டும் ஒப்புகை வந்தது. ஆட்களைப் பற்றி ஒன்றுக்கும் பதில் இல்லை. இனியும் வரும் என்று நான் நம்பவில்லை. ஜெயமணியும் நம்புகிறாள் என்று தோன்றவில்லை. போன வாரம் மனுவை உறையில் போட்டு ஒட்டும்போது, "ஐயா, தங்கச்சியின்ர வயசு போன மாசத்தோட இருபத்திரண்டு. பழைய மனுவில இருபத்தொண்டு எண்டு இருக்கு. புதுசா ஒண்டு எழுதுவமோ?" என்று கேட்டாள். எழுதினோம்.

அவள் டீ வாங்கிக் கொடுப்பாள். முள் கீறிய கையால் கிளாஸை என் பக்கம் தள்ளி வைப்பாள். நன்றி என்று இதுவரை சொன்னதில்லை. நீ ஏதாவது சொல்லி வைத்திருக்கிறாயா, அவளாகவே விட்டுவிட்டாளா, தெரியாது. அவள் சொல்லாமல் இருப்பதால்தான் என்னால் அங்கே உட்கார முடிகிறது.

வருகிற ஞாயிறு கிருஷ்ணகிரிப் பக்கத்து முகாமில் இருந்தும் சிலர் வருகிறார்களாம். கோடு போட்ட முழுத்தாள் ஒரு கட்டு வாங்கி வை. என் பேனா கசிகிறது, வேறொன்று வேண்டும். எட்டு மணி வண்டியில் வருவேன்.

அப்பா